வலைக்கு வந்ததும் வாய்க்கு வந்ததும்

கால்வாய் நகரங்களில் உணவு நடை இன்று வேரூன்றிவிட்ட ஒரு தொழில். ஆம்ஸ்டர்டாமிலும் வெனிசிலும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வழிகாட்டியின் பின்னால் பாலத்துக்குப் பாலம் ஏறி இறங்குகிறார்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் ஆறேழு கடைகளில் நின்று ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்கிறார்கள், இடையிடையே ஊர்க்கதை கேட்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் வெங்காயம் தூவிய ஹெரிங் மீன் வரும். சீரகம் போட்ட லெய்டன் சீஸ், கிராம்பு போட்ட பிரீஸ்லாந்துச் சீஸ், கறுவாவும் சாதிக்காயும் மணக்கும் ஸ்பெக்குலாஸ் பிஸ்கட், சுரினாம்காரர் கடையில் ரொட்டியும் கறியும் என்று அது நீளும். அந்த ரொட்டி 1873இல் தொடங்கிய கூலிக் கப்பல்களில் இந்தியாவிலிருந்து சுரினாமுக்குப் போய், அங்கிருந்து நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தது. வெனிசின் மதுக்கடைகளில் ரொட்டித் துண்டின் மேல் வெண்ணெய்போலக் குழைத்துத் தரும் பக்கலாவோ நோர்வேயின் லொபோட்டன் தீவுகளில் காற்றில் காய்ந்த கொட் மீன். மீனையும் பாலையும் கழித்துவிட்டால் ஆம்ஸ்டர்டாம் தட்டின் மணங்களில் ஊரில் விளைந்தது மிகக் குறைவு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துறைமுக நகரம் வந்த சரக்கைத் தின்று வளர்ந்தது. வந்த சரக்கைக் கொண்டாடுவதற்குப் பொருத்தமான வடிவம்தான் உணவு நடை. ஒரு சரக்கு வந்து சேர வேண்டுமானால் அது எங்கிருந்தோ புறப்பட்டிருக்கவும் வேண்டும். புறப்பட்ட இடத்தில் இதே நடையை நடத்தினால் தட்டில் என்ன இருக்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

அப்படிப் புறப்பட்ட இடங்களில் ஒன்று அரிப்பு. மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அருவி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் கத்தோலிக்க மீனவர் ஊர். மன்னாரிலிருந்து தாம்போதியைக் கடந்து, வங்காலையையும் நானாட்டானையும் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கினால் பாலத்தைத் தாண்டி ஊர் வரும். இன்னும் போனால் சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. ஊரில் இரண்டு இடிபாடுகள் உண்டு. ஒன்று போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறு கோட்டை. கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் பிடிபட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1679இல் இதே ஆற்றங்கரையைப் பிடித்து நடந்து வந்து சேர்ந்தது இங்கேதான். மற்றது, பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்கென்று கட்டிய மாளிகை. கிரேக்கப் பாணித் தூண்களால் அதற்கு டொரிக் என்று பெயர். ஊர்ச் சனம் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறது. நோர்த்தைவிடக் கதைகளில் வரும் அல்லிராணிக்கே இந்தக் கரையில் உரிமை அதிகம் என்று ஊர் எப்போதோ தீர்மானித்துவிட்டது. கடல் கரையை அரித்து அரித்து மாளிகையின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது.

அரிப்பு கால்வாய் நகரமில்லை என்பது உண்மை. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் களப்பு வரை வந்து நின்றுவிட்டது. ஆனால் கால்வாய் நகரத்தோடு அரிப்புக்குக் கணக்கு வழக்கு உண்டு. ஆம்ஸ்டர்டாமின் குளோவனியர்ஸ்பர்க்வால் கால்வாயோரம் 1606இல் எழுந்த கிழக்கிந்தியக் கம்பனி மாளிகையிலிருந்து ஆண்டவர்கள்தான் 1658 முதல் இந்தக் கோட்டையையும் ஆண்டார்கள். அவர்களோடு வந்து யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஊழியம் செய்த பால்தேயு பாதிரியாரின் பெரிய நூல் 1672இல் அச்சானதும் ஆம்ஸ்டர்டாமில்தான். ஸ்பெக்குலாஸில் மணக்கும் கறுவா அரிப்பில் விளைந்ததில்லை, அது இலங்கையின் தென்மேற்குக் காடுகளின் பொருள். இந்தக் கரை தந்தது முத்து, சங்கு, துணிக்குச் சிவப்பேற்றும் சாயவேர். மூன்றுமே தின்ன முடியாதவை. வேறு விதத்தில் பார்த்தால் அரிப்புக்குக் கால்வாயும் உண்டு. அனுராதபுரத்தைத் தொட்டு மல்வத்து ஓயாவாக ஓடிவரும் ஆறு அருவி ஆறாகி மன்னார் மாவட்டத்துக்குள் வந்ததும், தேக்கம் அணையில் மறிக்கப்பட்டு வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திரும்புகிறது. அங்கிருந்து கிளை கிளையாகப் பிரிந்து உயிலங்குளத்துக்கும் முருங்கனுக்கும் நானாட்டானுக்கும் நெல்லாகிறது. அரிப்பின் முகத்துவாரத்துக்கு வந்து சேர்வது வயல்கள் குடித்தது போக எஞ்சிய நீர்.

இந்தக் கரையில் உணவு நடை ஒன்று வர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அதைக் கால்வாய் நகரத்து மாதிரியில் அப்படியே இறக்கினால் பொய்யாகிவிடும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து யாராவது நாளைக்கே ஏற்பாடு செய்தால் பட்டியல் எப்படி இருக்கும் என்பதை இப்போதே எழுதிவிடலாம். நண்டுக்கறி, இறால் பொரியல், கணவாய், பொரித்த அறக்குளா, முடிவில் இளநீர், பின்னணியில் டொரிக் தூண்களும் சூரிய அஸ்தமனமும். படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்தத் தட்டில் இருப்பவை ஊரார் பிடிப்பவை. அவர்கள் அன்றாடம் உண்பவை வேறு. இந்தக் கரையின் சமையல், வியாபாரம் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதிலிருந்து கட்டி எழுப்பப்பட்டது. எது எடுத்துச் செல்லப்பட்டது என்று தெரியாதவனுக்கு எஞ்சியதன் ருசி பாதிதான் தெரியும். வலைக்கு வந்ததற்கும் வாய்க்கு வந்ததற்கும் இடையிலுள்ள தூரத்தை நடந்து காட்டுவதுதான் அரிப்பில் உணவு நடையின் வேலையாக இருக்க வேண்டும்.

இந்தத் தூரம் முத்துக்குளிப்பில் தெரிந்த அளவுக்கு வேறெதிலும் தெரிந்ததில்லை. மாசி முதல் சித்திரை வரை, இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே கடல் ஓயும் நாட்களில் முத்துக்குளிப்புச் சலாபம் கூடும். கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, இராமேசுவரம், யாழ்ப்பாணம், மலையாளக் கரை, அரபுக் கரை எல்லாம் திரண்டு வரும். கம்பும் ஓலையும் கொண்டு கட்டிய ஒரு பட்டினம் சில கிழமைகளுக்குள் எழும்பி, பல்லாயிரம் பேரைக் கொண்டு, பிறகு அடையாளம் இல்லாமல் கலைந்துவிடும். நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் தோணிகள் பெரிய பார் என்ற முத்துப் படுகையை நோக்கிப் புறப்படும். குளிகாரர் கல்லைக் காலில் மாட்டி இறங்குவர், மண்டக்கர் மேலிருந்து கயிறு பிடிப்பர். பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்புவர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரருக்கும் அரசாங்கத்திலேயே இடமிருந்தது. கரைக்கு வந்த சிப்பி குவியல் குவியலாகப் பிரிக்கப்படும். 1900களில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக, திறக்காமலே, இரவில் ஏலம் போகும். 1905இல் மட்டும் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பி கரையேறியது. திறைசேரிக்குக் கிடைத்தது சுமார் 25 இலட்சம் ரூபாய்.

எட்டுக் கோடிச் சிப்பி என்றால் எட்டுக் கோடி உயிரின் சதை. அது எங்கே போனது? தோணி போன்ற மரத்தொட்டிகளில் கொட்டி, ஒரு கிழமையோ பத்து நாளோ வெயிலில் அழுகவிட்டார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று முடித்த பிறகு கழுவி, அரித்து, வண்டலில் முத்துப் பொறுக்கினார்கள். 1906இல் மறிச்சுக்கட்டி முகாமில் வேலை பார்த்த லெனார்ட் வூல்ப் தன் வாழ்க்கை வரலாற்றில் அந்த நாற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். குடிநீரே பெரும்பாடாக இருந்த ஒரு வெறுங்கரையில், அரிசியும் பருப்பும் வெளியிலிருந்து கப்பலேறி வந்த ஒரு முகாமில், மலைபோலக் குவிந்த சதை உணவாக எண்ணப்படவே இல்லை. சிப்பியின் சதையில் முத்து ஒளிந்திருக்கலாம் என்பதால் அதைச் சமைப்பது செலவு, அழுகவிடுவது சிக்கனம். வியாபாரத்தின் கணக்கு சமையலின் கணக்கைத் தலைகீழாக்கிய இதைவிடத் தெளிவான காட்சி வேறு கரைகளில் கிடைப்பது அரிது. வேடிக்கை என்னவென்றால், பாரில் இருந்தபோது அதே சதையைத் தின்றவை உண்டு. 1902இல் இலங்கைக்கு வந்து பார்களை ஆராய்ந்த வில்லியம் ஹெர்ட்மனும் அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ஹோர்னலும் சிப்பிகளைத் திருக்கைகள் கூட்டமாக மேய்வதைக் குறித்தார்கள். சிப்பிக்குள் வளரும் ஒரு புழுவின் இளம்பருவமே முத்தின் கரு, அந்தப் புழு முதிர்வது திருக்கையின் குடலில் என்றும் கருதினார்கள். அந்தக் கொள்கை பின்னாளில் முழுமையாக நிலைக்கவில்லை. ஆனால் திருக்கை சிப்பியைத் தின்றது, மீனவர் திருக்கையைத் தின்றார். முத்துப் பாரின் வளம் அரிப்பின் அடுப்புக்கு வந்து சேர்ந்த ஒரே நேர்வழி திருக்கைக் கறிதான் என்று சொன்னால் மிகையாகாது. 1906இல் இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்த லண்டன் கம்பனி சில ஆண்டுகளிலேயே மூடிக்கொண்டு போனது; 1925க்குப் பிறகு சொல்லத்தக்க சலாபம் கூடவில்லை. திருக்கை இன்னும் கறியாகிறது.

முத்து போனாலும் கணக்கு மாறவில்லை. மன்னார்க் கரையில் இன்று பிடிபடும் கடலட்டை அவித்து, உலர்த்தி, ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போகிறது. இலங்கைத் தமிழ் அடுப்புக்கு அது அந்நியம். எதிர்க்கரையில் இந்தியா 2001இல் அதைப் பிடிக்கவே தடை விதித்தது, இங்கே அதற்குப் பண்ணைகள் போடுகிறார்கள். சங்கு காலங்காலமாக வங்காளத்துக்கு வளையலாகப் போனது. நீலக்கால் நண்டு சதை எடுக்கப்பட்டு, டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகிறது. வடக்கின் நண்டு வலைகளில் நல்ல தரமானது எடை போடும் மேசையில் கழிந்துவிட, கால் ஒடிந்ததும் சிறுத்ததும் வீட்டுக்கு வருகிறது. நல்ல இறாலும் அறக்குளாவும் ஐஸ் பெட்டியேறிக் கொழும்புக்குப் போகின்றன. கடற்பசுவும் ஆமையும் ஒருகாலத்தில் இந்தக் கரையின் பெருவிருந்து. இன்று சட்டம் அவற்றைக் காக்கிறது, காக்கத்தான் வேண்டும். ஆக, விலையும் சட்டமும் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது சூடை, சாளை, நெத்தலி, ஓரா, திருக்கை, சிறு சுறா, பிறகு பனை.

மிஞ்சியதைக் கொண்டு செய்த சமையலை இனி நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கரையின் வளம் இங்கேதான். முதலில் கருவாடு. ஐஸ் கட்டிக்கு முந்திய காலத்தில் அன்றன்று விற்காத மீனை நாளைக்கு வைக்க ஒரே வழி உப்பும் வெயிலும். இரண்டும் மன்னாரில் தாராளம், உப்பளமும் உண்டு. கரையோர வாடிகளில் கீறிக் காயப் போட்ட கட்டாவும் சுறாவும் திருக்கையும் மழை ஈரம் படாமல் காய்ந்தால்தான் தரம். கருவாடும் வியாபாரப் பண்டம்தானே என்று கேட்கலாம். ஆம், கொழும்புக் கடைத்தெரு வரை போகும். ஆனால் முத்தையும் கடலட்டையையும் போலன்றி இதை வீட்டுச் சட்டியும் ஏற்றது. புளியும் மிளகாய்த் தூளும் முருங்கைக்காயோ கத்தரிக்காயோ சேர்ந்த கருவாட்டுக் குழம்பு, புழுங்கலரிசிச் சோற்றுக்குப் பக்கத்தில் வேறெதையும் கேட்காது. அடுத்து சுறா வறை. சிறு சுறாவை அவித்து, தோலுரித்து, முள்ளெடுத்து, உதிர்த்துப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் போட்டு வறுத்தெடுப்பது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறும் என்று கொடுப்பார்கள். சூடையும் நெத்தலியும் முள்ளோடு பொரியும், அல்லது தேங்காய்ப்பாலில் சொதியாகி இடியப்பத்தை நனைக்கும். தசை குறைந்து முள் மிகுந்த மீன்களுக்கு ஏற்ற உத்திகள் இவை. எதையும் வீணாக்காமல் செய்யும் கைப்பழக்கம் ஒவ்வொன்றிலும் தெரியும்.

பனை இந்தச் சமையலின் மறுபாதி. பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பழத்தின் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் இறுக்கினால் பனாட்டு. பதநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. முட்டியில் சுண்ணாம்பு தடவாமல் இறக்கினால் கள். ஒடியல் மாவுக்குக் கசப்புண்டு, தண்ணீரில் ஊறவைத்து வடித்துத்தான் கூழுக்கு எடுக்க வேண்டும். அந்தக் கூழில் சின்ன மீன், கால் ஒடிந்த நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, கொஞ்சம் அரிசி, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் போகும். பெரிய பானை, சுற்றிலும் சனம், பனையோலைப் பிளாவிலோ மடித்த பலாவிலையிலோ உறிஞ்சிக் குடிப்பது. ஏற்றுமதி மேசையில் கழிக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் பானையில் இடம் கிடைத்தது. அரிப்பும் சிலாவத்துறையும் அடங்கும் முசலிப் பகுதியின் முஸ்லிம் வீடுகளில் இதே கடலும் பனையும் வேறு முகம் காட்டும். நோன்புக் கஞ்சி, தொதல், வட்டிலப்பம் என்று அந்த வரிசை தனி. அரிப்பின் கத்தோலிக்க அடுப்பும் சிலாவத்துறையின் முஸ்லிம் அடுப்பும் ஒரே கடலின் மீனை வேறு வேறு விதமாகத் தாளிப்பதை ஒரே காலையில் ருசிக்கக் கிடைப்பது இந்தச் சிறு தூரத்தின் வரம்.

எஞ்சியது, மிஞ்சியது என்று பேசுவதே ஒரு சமையலை இழிவுபடுத்துவது இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒடியல் கூழ் பெருமைக்குரிய உணவு, கனடாவில் ஒன்றுகூடல்களிலும் அதைக் காய்ச்சுகிறார்கள். அதை மிச்சம் என்பதா? சந்தைக்குத்தான் அது மிச்சம், அடுப்புக்கு அது முதல். லொபோட்டன் தீவுகளையே எடுத்துக்கொள்வோம். அங்கே காயவைத்த கொட் மீனைப் பல தரமாகப் பிரிக்கிறார்கள். மேலான தரம் இத்தாலிக்குப் போகிறது. 1432இல் பியத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகன் கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கியதிலிருந்து இந்த உறவு தொடங்கியதாகச் சொல்வார்கள். காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன. தீவார் மனசாரக் கொண்டாடுவது பிடித்த அன்றே அவித்த மீனோடு ஈரலும் சினையும் வைத்த மொல்ஜெ, பிறகு சிறுவர் வெட்டிக் காசு பார்க்கும் மீன் நாக்கு. கெடாமல் பயணம் போக முடியாத பாகங்கள்தான் ஊர் விருந்தானவை. அவற்றை யாரும் இழிவாக நினைப்பதில்லை. வெனிஸ் வழிகாட்டி பக்கலா பரிமாறும்போது குவெரினி கதையைச் சொல்வார், நாக்கு வெட்டும் சிறுவன் கதையில் வரமாட்டான்.

இன்னொரு மறுப்பு கனமானது. ஏற்றுமதி என்றால் கொள்ளை என்று எழுதுவது எளிது. ஆனால் நண்டை விற்கும் மீனவர் தன் விருப்பத்தோடு விற்கிறார். அந்தப் பணத்தில் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் படிப்பு, வீட்டுக்கு ஓடு. நல்ல நண்டை அவர் தின்ன வேண்டும் என்று வெளியூர்க் கட்டுரையாளர் ஏன் கவலைப்பட வேண்டும்? இதை நான் ஏற்கிறேன். 1905இன் ஏலமும் இன்றைய நண்டு மேசையும் ஒன்றல்ல. அன்று கடலின் அடியே அரசாங்கத்தின் சொத்தாக இருந்தது, உயிரைப் பணயம் வைத்து இறங்கியவனுக்கு மூன்றில் ஒன்று. இன்று வலை அவருடையது, விலை பேசும் வாய்ப்பும் ஓரளவு அவருடையது. எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள்தான் வடக்கின் பல துறைகளில் அந்த வாய்ப்பைச் சுரண்டுகின்றன. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தும் பிரச்சினை தீரவில்லை. ஆனால் என் வாதம் யாரையும் விற்காதே என்று சொல்வதில்லை. விற்றதை ஊர் உணவு என்று காட்டாதே என்பதுதான். நண்டு ஊரின் தொழில். கூழும் வறையும் ஊரின் உணவு. வழிகாட்டி இரண்டையும் குழப்பினால், அமெரிக்க உணவகத்தில் அதே நண்டைத் தின்றவருக்கும் அரிப்புக்கு வந்தவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

ருசிக்க வந்தவனுக்கு வரலாற்றுப் பாடம் எதற்கு, வயிற்றுக்கு ஈந்தால் போதாதா என்ற முணுமுணுப்பும் எழும். எந்த உணவு நடையிலும் கதை சொல்லாத வழிகாட்டி கிடையாது. எந்தக் கதையைச் சொல்வது என்பதில்தான் தேர்வு. மேலும், இந்தக் கரையில் உணவையும் நடையையும் சேர்த்துச் சொன்னால் தவிர்க்க முடியாமல் எழும் ஒரு நினைவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசியால் தமிழகத்திலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்த கோப்பித் தோட்டக் கூலிகளில் கொலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த வழியைப் பலர் திரும்ப நடந்தார்கள். உணவுக்காக நடந்த அந்த நடையை அறியாமல் உணவு நடை என்று இங்கே பலகை மாட்டுவது கொஞ்சம் கூசவேண்டிய காரியம்.

கூசவேண்டியது இன்னும் ஒன்று. அடுப்பைப் பற்றிப் பேசினால் அடுப்பை மூட்டியவர்களைப் பற்றியும் பேச வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. அந்தச் சனம் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஒரு தலைமுறைக் காலம் கழித்தது. 2007இல் யுத்தம் இந்தக் கரைக்கு வந்தபோது எஞ்சியவர்களும் இடம்பெயர்ந்தார்கள். தெற்கே முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் நிலத்தில் கடற்படை முகாம் எழுந்தது, 2017இல் போராடிய பின்னரே ஒரு பகுதி விடுபட்டது. இடம்பெயர்ந்தோர் முகாமில் அடுப்பு பொதுவானது, நிவாரண மாவும் பருப்பும் எல்லோருக்கும் ஒன்று. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளை ஒடியல் ஊறவைக்கும் பதத்தைப் பார்த்துப் பழகியிருக்க வாய்ப்பில்லை. தொன்றுதொட்டு மாறாமல் வந்த பாரம்பரியச் சமையல் என்று விளம்பரம் எழுதுகிறவர் இதையெல்லாம் ஒரே வரியில் அழித்துவிடுகிறார். இங்கே இன்று கிடைக்கும் ஒவ்வொரு கூழும் திரும்பி வந்தவர் மறுபடி நினைவுகூட்டிக் காய்ச்சியது.

மிகக் கூர்மையான மறுப்பு கடைசியாக வருகிறது. உணவு நடையே இன்னொரு ஏற்றுமதியாகிவிடாதா? கூழை வெளியூரார் நல்ல விலைக்குக் கேட்டால், நாளைக்கு வீட்டுச் சட்டியும் சந்தைக்குப் போகும்; கால் ஒடிந்த நண்டுக்கும் விலை வந்தால் அது பிள்ளையின் தட்டுக்கு வராது. ஆம்ஸ்டர்டாம் நகர மையத்தில் சுற்றுலாக்காரருக்கான கடைகள் பெருகிப்போனதால் புதிதாக அப்படிப்பட்டவை திறக்க 2017இல் மாநகரசபையே தடை போட வேண்டி வந்தது. நகரம் பெரியது, தாங்கியது. அரிப்பு தாங்காது. இந்த மறுப்புக்கு எனக்கு முழு விடை இல்லை, அளவு என்ற ஒரு விடை மட்டும் உண்டு. நாளுக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கூட்டுறவுச் சங்கமோ மாதர் சங்கமோ நடத்த வேண்டும். வெளியூர் நிறுவனம் ஊராரைக் கூலிக்கு வைத்து நடத்தக் கூடாது. நண்டும் இறாலும் பட்டியலில் வேண்டாம். கேட்பவர்களுக்கு எடை போடும் மேசையைக் காட்டலாம், அது எங்கே போகிறது என்று சொல்லலாம். ஒவ்வொரு நாளும் வேறொரு வீடு சமைக்க வேண்டும், விலையை அந்த வீடு சொல்ல வேண்டும்.

வழி சிக்கலில்லாதது. விடியற்காலை படகு கரை சேரும் துறையில் தொடங்கி, தரம் பிரித்து எடை போடுவதைப் பார்த்து, வாடியில் கருவாடு புரட்டுகிறவர்களிடம் நின்று, கோட்டைச் சுவரோரமாகப் போய், வெயில் ஏறுமுன் டொரிக்கை அடைந்துவிட வேண்டும். கரை அரிபடுவதால் மாளிகைக்கு மிக அருகே கூட்டம் நிற்கக் கூடாது. அங்கே தின்ன எதுவும் வேண்டாம். தொட்டியில் அழுகிய எட்டுக் கோடிச் சிப்பியைப் பற்றிப் பேச அந்த இடம் போதும். பிறகு ஊருக்குள் திரும்பி ஒரு வீட்டில் திருக்கைக் கறியும் புழுங்கலரிசிச் சோறும். பின்னேரம் சிலாவத்துறைப் பக்கம் தொதலும் தேநீரும். கூழ் வேண்டுமானால் இரவு தங்க வேண்டும், அது பகல் உணவில்லை. நாளைத் தேர்வதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. கடல் ஓய்ந்து, மழையில்லாமல், கருவாடு நன்றாகக் காயும் மாதங்கள் பழைய சலாபத்தின் மாதங்களேதான், மாசியிலிருந்து சித்திரை வரை. அவை தவக்காலத்தின் மாதங்களும்கூட. கத்தோலிக்க வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, மீனுக்கு விலக்கில்லை. ஆனால் பெரிய வெள்ளியன்று எந்த வீட்டிலும் விருந்துக்கு அடுப்பு மூட்டமாட்டார்கள், ஞாயிறு காலை துறையில் பொதுவாகப் படகு இறங்காது. நோன்பு மாதமோ ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அது இந்த மாதங்களில் விழும் ஆண்டுகளில் சிலாவத்துறையில் பகல் தேநீர் கிடையாது, நோன்பு திறக்கும் நேரத்துக் கஞ்சிதான். நாட்காட்டியை முதலில் பங்குத் தந்தையிடமும் பள்ளிவாசலிலும் காட்டிவிட்டுத்தான் சீட்டு விற்க முடியும்.